வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைக்குமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் வெளியாகிறது.)



எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்தவன், மணி பார்த்து ஷட்டரை இறக்கத் தெரிந்தவன் என்ற நம்பிக்கையில் மைக்கைத் தந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றப் பார்க்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் கடைசிப் பொருளாக வந்த விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் பின்பக்கச் சுவரை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில், மூடிக் கிடக்கும் கடைகளின் வாசலில் படுப்பவர்களை அப்புறப்படுத்தச் சொல்லி மாநகராட்சிக்கு மனுக் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த விஷயம். காரசாரமாகப் பேசினோம், முடிவெடுக்காமல் தள்ளிவைத்தோம். அடுத்த பொதுக்குழுவில் அது மறுபடி வரும். அதற்குள் சில விவரங்கள் உங்களிடம் வந்து சேர வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால், கடந்த எட்டு மாதமாக நம் குடியிருப்பிலிருந்து ஆறு பேர், ஆளுக்கு வாரம் ஒரு மணி நேரம், அந்த சர்வீஸ் ரோட்டுக்குப் போய் வருகிறோம். இரண்டு பேர் ரிட்டயர்டு ஆனவர்கள். ஒருவர் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார், ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் இல்லத்தரசி, ஒருவர் கல்லூரி மாணவர்.

நேரம் இல்லை என்பது உண்மைதான்

இந்த வேலைக்கு ஆள் கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். "நல்ல காரியம் சார். ஆனா நேரமே இல்லையே!"

சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்கு ஸ்கூல் வேன், எட்டரைக்கு ஆபீஸ் வண்டி, ராத்திரி ஒன்பதுக்கு அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங் என்று ஓடுகிற வீடுகள் நம்மில் எத்தனை! அதற்கு நடுவில் தண்ணி லாரி, கேஸ் சிலிண்டர், மாமியாருக்கு கண் ஆபரேஷன். ரிட்டயர்டு ஆனவர்களுக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது என்று நினைப்பவர்கள், இன்னும் ரிட்டயர்டு ஆகாதவர்கள். பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும், வீட்டுக்கு வரும் பிளம்பருக்குக் காவல் இருப்பதும் எங்கள் வேலைதானே?

ஆனால் 2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்து, மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். அப்போது இங்கே யாரும் நேரம் இல்லை என்று சொல்லவில்லை. ஆபீஸ் மூடியிருந்தது, அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அன்றைய செயலாளர் ஒரு தாளில் யார் பால் வாங்கி வருவது, யார் முதியவர்களை மேல்மாடிக்குத் தூக்கி வருவது, யார் வீட்டில் மொத்தச் சமையல் என்று எழுதி மாடிப்படியில் ஒட்டினார். தன் பெயருக்கு எதிரே ஒரு வேலை இருப்பதைப் பார்த்தவர்கள் அதைச் செய்தார்கள். 2023 மிக்ஜாம் புயலின்போதும் அப்படித்தான் நடந்தது.

ஆகவே நம்மிடம் இல்லாமல் போனது நேரம் மட்டும் இல்லை, நம் பெயருக்கு எதிரே எழுதிய ஒரு சின்ன வேலையும்தான். "சேவை செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் நேரம் வராது. "வியாழக்கிழமை ஏழு மணிக்கு இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்" என்றால் வரும்.

வங்கியில் ஆர்.டி. போடுபவர்களைப் பார்த்து நான் கற்ற பாடம் இது. மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் சேர்க்கிறேன் என்றவர்கள் சேர்த்ததை நான் பார்த்ததில்லை. ஐந்நூறு ரூபாயானாலும் தேதி குறித்துக் கட்டியவர்கள்தான் பெண்ணுக்கு நகை வாங்கினார்கள். நேரமும் அப்படித்தான். மிச்சப் பிடித்துக் கொடுக்க முடியாது, முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும். தொகை சின்னதாக இருக்கட்டும், தவணை தவறக் கூடாது.

அவர்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

சாலையோரம் இருப்பவர்களுக்கு வேலை வெட்டி இல்லை, நேரம் நிறைய என்று நானும் கேட்டிருக்கிறேன். அவர்களோடு உட்கார்ந்து ஒரு நாளைக் கணக்குப் போட்டால் படம் வேறு மாதிரி வருகிறது.

கடைக்காரர்கள் ஷட்டர் போட்டுப் போன பிறகுதான் பாய் விரிக்கலாம். அதற்குப் பத்தரை, பதினொரு மணி ஆகிவிடும். காலையில் தெரு பெருக்க வருவதற்குள் எழுந்து, துணி மூட்டையைக் கட்டி, எங்காவது மறைத்து வைக்க வேண்டும். கட்டணக் கழிப்பறையில் வரிசை. குடிதண்ணீருக்கு இன்னொரு இடம். அம்மா உணவகத்தில் வரிசை. 2013இல் ஒரு ரூபாய் இட்லி என்று தொடங்கிய அந்த உணவகம்தான் இவர்களில் பலருடைய காலைச் சாப்பாடு. எட்டு மணிக்குள் வேலைக்குப் போனால்தான் அன்றைய கூலி. மூட்டை தூக்குவது, கேட்டரிங்கில் பாத்திரம் தேய்ப்பது, பழைய பேப்பர் பொறுக்குவது எல்லாமே நாள் கூலிதான்.

இப்படி ஒருவர் ஒரு சான்றிதழுக்காக அலுவலகம் போகிறார் என்று வையுங்கள். அன்றைய கூலி போச்சு. மூட்டையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, திரும்பி வருவதற்குள் அது இருக்குமா தெரியாது. கவுண்டரில் "ஜெராக்ஸ் கொண்டு வா, நாளைக்கு வா" என்பார்கள். மறுநாள் போனால் "இந்தக் கவுண்டர் இல்லை." மூன்று நாள் போனால் மூன்று நாள் கூலி போய்விடும். நான்காம் நாள் அவர் போக மாட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

இதே வேலைக்கு நமக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எந்தப் படிவம், எத்தனை போட்டோ, எந்தக் கவுண்டர், ஆன்லைனில் முன்பதிவு உண்டா என்று பார்த்துச் சொல்ல, ஆபீஸ் வண்டியில் உட்கார்ந்தபடியே நாற்பது நிமிடம் போதும். நம்முடைய ஒரு மணி நேரம் அவர்களுடைய இரண்டு மூன்று நாள் கூலியை மிச்சப்படுத்துகிறது. இவ்வளவு வட்டி தரும் வைப்பு நிதியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்

அவர்களைக் கேட்டுத்தான் சொல்கிறேன், பெயர்கள் சொல்லப் போவதில்லை. நாங்கள் போக ஆரம்பித்தபோது மொத்தம் ஏழு பேர்.

ஒருவருக்கு 68 வயது. நம்முடையதைப் போன்ற ஒரு குடியிருப்பில் பதினான்கு வருடம் வாட்ச்மேன். ஜெனரேட்டர் பக்கத்து அறைதான் வீடு. காவல் ஏஜென்சி மாறியபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. மனைவி இல்லை. மகள் விழுப்புரம் பக்கம் ஓர் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறார். "மாப்பிள்ளை வீட்ல எத்தனை நாள் சார் இருக்கறது?" என்கிறார்.

ஓர் அம்மா கேட்டரிங்கில் பாத்திரம் தேய்க்கிறார். கூட ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன். கொரோனா ஊரடங்கில் வாடகை கட்ட முடியாமல் அட்வான்ஸ் கரைந்து, வீடும் போனது. அதன் பிறகு மறுபடி அட்வான்ஸ் சேர்க்க முடியவில்லை. பேப்பர் பொறுக்கும் வயதான தம்பதி ஒன்று. ஒரு பெண்மணி யாரோடும் பேச மாட்டார், தனக்குத்தானே பேசிக்கொள்வார். ஏழாவது ஆள் மூட்டை தூக்கும் இளைஞர், சில மாதம் இருப்பார், சில மாதம் காணாமல் போவார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28ஆம் தேதி இரவு, வீடில்லாதவர்களை மட்டும் தனியாகப் போய் எண்ணினார்கள். நடைபாதை, மேம்பாலத்தடி, பெரிய சிமெண்ட் குழாய், கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று தேடி எண்ணியதில் நாடு முழுக்க ஏறக்குறைய 17.7 லட்சம் பேர். நம் பாரிமுனைப் பக்கம் மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துகிறவர்களும் உண்டு. சோம்பேறிகள் என்ற ஒற்றைச் சொல்லில் இவர்களை அடக்க முடியாது.

"காப்பகம் இருக்கிறதே, அங்கே போகலாமே?" என்று பொதுக்குழுவில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் இதற்கென்றே திட்டம் வைத்தார்கள். சென்னையில் மாநகராட்சி, தொண்டு நிறுவனங்கள் மூலம் காப்பகங்கள் நடத்துகிறது. தங்குவதற்குக் காசு இல்லை. 1913க்கு அழைத்தால் விவரம் கிடைக்கும்.

ஆனால் பெரும்பாலானவை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. பாத்திரம் தேய்க்கும் அம்மா பெண்கள் காப்பகத்துக்குப் போனால் வளர்ந்த மகன் வேறு இடத்துக்குப் போக வேண்டும். அந்தத் தம்பதி பிரிந்து தூங்க வேண்டும். வேலை செய்யும் இடத்திலிருந்து காப்பகம் தூரமாக இருந்தால் பஸ் காசு வேறு. வர மாட்டேன் என்பதற்கு அவர்களிடம் காரணம் இருக்கிறது. அதைக் கேட்க முதலில் பத்து நிமிடம் உட்கார வேண்டும்.

எட்டு மாதத்தில் நடந்தது

அன்னதானம் செய்ய ஊரில் ஆள் உண்டு. அமாவாசை, பிறந்த நாள் என்றால் ஒரே இரவில் மூன்று வண்டி பொட்டலம் வரும். மறுநாள் ஒன்றும் வராது. கூடவே வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, விடாமல் பின்தொடர ஆள்தான் இல்லை. நாங்கள் எடுத்துக்கொண்டது அந்த வேலையை.

வாட்ச்மேன் ஐயாவின் ஆதார் அட்டை ஒரு மழையில் போய்விட்டது. எண் ஞாபகம் இல்லை, அதில் பதிந்த போன் நம்பரும் இப்போது வேறு யாரிடமோ. ஆதார் மையத்தில் கைரேகை வைத்துப் பழைய எண்ணைத் தேடி எடுக்க வழி இருக்கிறது. வேலை செய்து தேய்ந்த விரல்களில் ரேகை விழாவிட்டால் கருவிழியைப் பதிவு செய்யலாம். இவருக்கு மூன்றாம் முறையில் கிடைத்தது. பிறகு வங்கிக் கணக்கு, பிறகு முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம். 60 வயதைக் கடந்த ஆதரவற்றோருக்கான இந்தத் தொகையை 2023இல் தமிழக அரசு மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தியது. விசாரணைக்கு வந்தவர் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று முதல் மனு திரும்பியது. பகலில் வந்தால் அவர் எப்படி இருப்பார், கூலிக்குப் போயிருப்பாரே! இரண்டாவது மனுவில் எங்களில் ஒருவர் போன் நம்பரைக் கொடுத்தோம். சென்ற மாதம்தான் முதல் தவணை கணக்கில் ஏறியது. செருப்பு வாங்கினார், மகளோடு பேச ரீசார்ஜ் செய்தார்.

தம்பதியிடம் ஒரு தாள்கூட இல்லை. முகவரியே இல்லாதவர்களை எங்கிருந்து தொடங்குவது? வாக்காளர் பட்டியலிலிருந்து தொடங்கலாம். வீடில்லாதவர் படிவம் 6இல் தான் தூங்கும் இடத்தை எழுதிக் கொடுக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் வந்து, அவர் அங்கேதான் படுக்கிறார் என்று உறுதி செய்துகொண்டால், முகவரிக்கு வேறு சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. இங்கேயும் ஓர் அம்மையார், பகல் வேலையை முடித்துவிட்டு, இரண்டு இரவு பத்தரை மணிக்கு டார்ச்சோடு வந்து பார்த்துப் போனார். அடையாள அட்டை வந்தது.

வங்கிக் கணக்கிலும் இப்படி ஒரு வழி உண்டு, நம்மில் பலருக்குத் தெரியாது. ஆவணம் ஏதும் இல்லாதவருக்குப் போட்டோவும் கையெழுத்தோ கைரேகையோ மட்டும் வாங்கிக்கொண்டு "சிறு கணக்கு" திறக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது, ஒரு வருடத்துக்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னொரு வருடம் நீட்டிப்பார்கள். தம்பதிக்கு அட்டை வருவதற்கு முன் இதைத்தான் முயன்றோம். ஒரு கிளையில் "அட்ரஸ் இல்லாம முடியாது" என்றார்கள். இன்னொரு கிளையில் விதியைத் திறந்து காட்டியதும் திறந்து கொடுத்தார்கள். பேப்பர் விற்ற காசை இடுப்பில் முடிந்துகொண்டு தூங்கியவர்களுக்கு இப்போது பாஸ்புக் இருக்கிறது.

யாரோடும் பேசாத பெண்மணி விஷயத்தில் நாங்களாக ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் கூடாது. 2017 மனநலச் சட்டப்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் தெருவில் திரிபவரைப் பாதுகாத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு சேர்ப்பது காவல் துறையின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. இப்படிப்பட்ட பெண்களுக்காகவே 1993இல் சென்னையில் தொடங்கிய பான்யன் போன்ற அமைப்புகளும் நம் ஊரில் உண்டு. தகவல் சொன்னபின் ஒரு தொண்டு நிறுவனத்தார் மூன்று முறை வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, நான்காம் முறை கூட்டிப் போனார்கள். இப்போது சிகிச்சையில் இருக்கிறார். அவர் படுத்த இடத்தில் தம்பதியின் பேப்பர் மூட்டை இருக்கிறது.

நடக்காததையும் சொல்ல வேண்டும். பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. எட்டு இடம் பார்த்தாயிற்று. இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்ற கேள்வியில் பேச்சு முடிந்துவிடுகிறது. மூட்டை தூக்கும் இளைஞர் எங்களிடம் எதுவும் கேட்டதில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

யார் என்ன செய்யலாம்

ஆபீஸ் போகிறவர்களால் பகலில் வர முடியாது, அலுவலகங்கள் பகலில்தான் திறந்திருக்கும். எங்களைப் போன்ற பென்ஷன்காரர்களால் ராத்திரி பத்து மணிக்கு நிற்க முடியாது, அவர்கள் அப்போதுதான் இருப்பார்கள். இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் கிடைக்கிறார். அதனால் வேலையை நேரத்தின்படி பிரித்து வைத்திருக்கிறோம்.

பதினைந்து நிமிடம் உள்ளவர்கள்: விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஆன்லைனில் பார்ப்பது, முன்பதிவு போடுவது, ஜெராக்ஸ் எடுத்து ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுப்பது. வீட்டிலிருந்தே செய்யலாம்.

வாரம் ஒரு மணி நேரம் உள்ளவர்கள்: முறை வைத்து, இரண்டு பேராக, இரவு ஒன்பதரைக்கு மேல் நேரில் போய்ப் பேசி, தேவையை எழுதி வருவது.

மூன்று மாதத்துக்கு ஒரு காலைப்பொழுது உள்ளவர்கள்: அரசு மருத்துவமனைக்கோ அலுவலகத்துக்கோ கூடப் போய் நிற்பது. கூட ஒருவர் நின்றாலே கவுண்டரில் குரல் மாறுகிறது. கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

நேரமே இல்லாதவர்கள்: ரீடிங் கண்ணாடி, குடை, பூட்டு போடக்கூடிய பை, பெண்களுக்கு நாப்கின். கிழிந்த துணி வேண்டாம். அவர்களுக்கு அலமாரி கிடையாது, உபயோகப்படாததைச் சுமக்க வைக்காதீர்கள். சாப்பாடு கொடுக்க ஆசைப்பட்டால் முதல் நாளே கேட்டுவிட்டு, சமைத்த சூட்டோடு கொடுங்கள். விருந்தில் மிஞ்சியதை மறுநாள் கொடுக்க வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். யார் போனார்கள், அவர்கள் என்ன கேட்டார்கள், நாம் என்ன சொன்னோம், எந்தத் தேதிக்குள் என்று நான்கு பத்தி. அடுத்த வாரம் போகிறவர் அதைப் படித்துவிட்டுப் போவார். ஒரே கதையைப் புதுப்புது ஆளிடம் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டில் எழுத முடியாத வாக்கை யாரும் கொடுப்பதில்லை.

இன்னும் சில பழக்கங்கள் உண்டு. போட்டோ எடுத்து குரூப்பில் போடுவதில்லை. அவர்கள் காசையோ அட்டையையோ நாம் வைத்துக்கொள்வதில்லை. பெரியவர்களை "ஐயா, அம்மா" என்றுதான் கூப்பிடுகிறோம், வயதானவரை "வா, போ" என்பதில்லை. தனியாகத் தவிக்கும் குழந்தையைப் பார்த்தால் 1098, கைவிடப்பட்ட முதியவரைப் பார்த்தால் 14567, உயிருக்கு ஆபத்தென்றால் 108. இந்த எண்களைப் போனில் பதிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும்.

சேர்பவர்கள் மூன்று மாதத்துக்குச் சேர்ந்தால் போதும். பரீட்சை, பிரசவம், வெளியூர் மாற்றல் என்று எதற்காகவும் நிறுத்திக்கொள்ளலாம், யாரும் காரணம் கேட்க மாட்டோம். ஒரு வாரம் வர முடியாவிட்டால் முந்தின நாள் சொல்லி வேறொருவரோடு மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கட்டுப்பாடு. சொல்லிவிட்டு வராமல் இருப்பது மட்டும் வேண்டாம். அவர்கள் அதற்காகக் கூலியை விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

அந்த மனுவைப் பற்றி

கடைசியாக, பொதுக்குழுவுக்கு வரப்போகும் மனு. அதைக் கொண்டுவந்தவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. டியூஷன் முடிந்து இருட்டில் வரும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சாலையில் இரண்டு விளக்கு எரியவில்லை. ராத்திரியில் கழிப்பறை பூட்டியிருப்பதால் சுவரோரம் அசுத்தமாகிறது. இதெல்லாம் நிஜமான குறைகள்.

ஆனால் அப்புறப்படுத்தினால் என்ன ஆகும்? இவர்களை வேறு ஊருக்கு யாரும் அனுப்பப் போவதில்லை. அடுத்த தெருவில் இன்னொரு குடியிருப்பின் சுவரோரம் படுப்பார்கள், அந்தச் சங்கமும் ஒரு மனு எழுதும். வாக்காளர் பட்டியலில் அவர்கள் எழுதிக் கொடுத்த இடம் இந்தக் கடை வாசல்தான். உதவித்தொகை விசாரணைக்கு ஆள் வருவதும் இங்கேதான். பையனின் பள்ளி இங்கிருந்து நடந்து போகிற தூரம். இடம் மாறினால் எட்டு மாதம் செய்த வேலை முதலிலிருந்து தொடங்கும்.

அட்டை வந்த அன்று அந்தத் தம்பதியில் அம்மா என்னிடம் ஒன்று கேட்டார்: "இதைக் காட்டினா ராத்திரி யாரும் எழுப்ப மாட்டாங்களா சார்?" என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அதற்கான பதில் நம் பொதுக்குழுவின் கையில்தான் இருக்கிறது.

அதனால் ஒரு மாற்று மனுவின் நகலைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். சாலை விளக்குகளைச் சரிசெய்ய வேண்டும், பொதுக் கழிப்பறை இரவிலும் திறந்திருக்க வேண்டும், குடும்பமாகத் தங்கக்கூடிய காப்பகம் நம் பகுதியில் வேண்டும் என்ற மூன்று கோரிக்கை அதில் உண்டு. பயப்படுகிறவர்களும், என்னைப் போன்றவர்களும் சேர்ந்து கையெழுத்திடக்கூடிய மனு அது. பொதுக்குழுவுக்கு முன் படித்துப் பாருங்கள், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு வேண்டுகோள். யாரிடமாவது பக்கத்தில் சின்ன போர்ஷன் வாடகைக்கு இருந்தால், அந்த அம்மாவையும் மகனையும் ஒருமுறை நேரில் பார்த்துப் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். வாடகையை மாதாமாதம் கட்டுகிற வருமானம் அவருக்கு இருக்கிறது, அட்வான்ஸுக்கு நாங்கள் சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்கிறோம். அடுத்து, அந்தப் பையன் சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் நம் நூலக அறையில் உட்கார்ந்து படிக்க அனுமதி கேட்டு நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இப்போது தெருவிளக்கில் கணக்குப் போடுகிறான், அந்த விளக்கும் எரியாத இரண்டில் ஒன்று. கணக்குச் சொல்லித்தர மூன்றாவது மாடி ஆசிரியை ஒப்புக்கொண்டுவிட்டார்.

செக்யூரிட்டி மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. பெயர், ஃபிளாட் எண், எந்தக் கிழமை, எவ்வளவு நேரம் என்று நான்கு பத்தி. பதினைந்து நிமிடம் என்று எழுதினாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். அடுத்த சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இதே அரங்கில் சந்தித்து, அடுத்த மூன்று மாதத்துக்கான முறையைப் பிரித்துக்கொள்வோம். அரை மணிக்கு மேல் ஆகாது.

கொடுத்த இருபது நிமிடத்தில் இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் கீழே போய் அந்த நோட்டைப் பாருங்கள்.